பெரு போகிறீர்களா? முதலில் பானையைப் படியுங்கள்

பெரு என்றாலே மச்சு பிச்சு. லிமாவில் இறங்கி, அடுத்த விமானத்தில் குஸ்கோ, அங்கிருந்து ரயில், மலை மேல் படம், திரும்பி வீடு. பெரும்பாலானோர் போடும் திட்டம் இதுதான். இதில் ஒரே ஒரு சிக்கல்: மச்சு பிச்சுவும் குஸ்கோவும் இன்காக்களுடையவை; அந்த இன்கா பேரரசு பேரரசாக இருந்ததே ஏறக்குறைய நூறு ஆண்டுகள். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் விரியத் தொடங்கி, 1532 நவம்பரில் கஹமார்க்காவில் இன்கா அரசன் அட்டவால்பா ஸ்பானியப் படைத்தலைவன் பிசாரோவிடம் சிக்கியதோடு அதன் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் அந்த மண்ணில் நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான நகர வாழ்க்கை இருக்கிறது. குஸ்கோவோடு திரும்பி வருபவர்கள் அதைத் தொடாமலே வந்துவிடுகிறார்கள்.

அந்தப் பழைய பெருவைப் பார்ப்பதற்குக் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும். அங்கே யாரும் கல்வெட்டு வெட்டவில்லை, ஏடு எழுதவில்லை. கடற்கரைப் பாலைவனத்தில் கட்டியதெல்லாம் சுடாத மண்கல். மழையிலும் காற்றிலும் கரைந்து, இன்று தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரண மண்மேடு. எதுவும் தெரியாமல் போனால் அரை மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வண்டியேற வேண்டியதுதான். அவர்கள் சொல்ல நினைத்ததையெல்லாம் பானையிலும் துணியிலும் உலோகத்திலும்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதனால் என் கட்சி இது: லிமாவில் இரண்டு மூன்று நாள் அருங்காட்சியகங்கள், பிறகு வடக்குக் கடற்கரை, குஸ்கோ கடைசியில்.

காலவரிசையை மட்டும் ஒருமுறை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். லிமாவுக்கு வடக்கே கரால், சுமார் கி.மு. 3000, பானையே செய்யத் தெரியாத காலத்தில் பிரமிடு கட்டியவர்கள். மலையில் சவீன், கி.மு. முதலாயிரத்தில். தெற்கே பராக்காஸ், அதைத் தொடர்ந்து நாஸ்கா. வடக்கே மோச்சே, ஏறக்குறைய கி.பி. 100 முதல் 800 வரை. பிறகு மலையில் வாரி, வடக்கே லம்பாயேக்கே என்றும் சிக்கான் என்றும் அழைக்கப்படுபவர்கள், சிமூ, கடைசியாக இன்கா. காட்சிப் பலகைகள் பல இடங்களில் ஸ்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். ஆண்டை அடுத்து ‘ஆன்டெஸ் தெ கிறிஸ்தோ’ என்றோ அதன் சுருக்கமோ இருந்தால் கி.மு.; ‘தெஸ்புவேஸ்’ என்று தொடங்கினால் கி.பி. இது தெரியாமல் ஐந்நூறு ஆண்டை முன்பின்னாக மாற்றிப் படித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய.

லார்கோ: பானைக்கு அரிச்சுவடி

லிமாவில் ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் என்றால் புவெப்லோ லிப்ரே பகுதியிலுள்ள லார்கோவுக்குப் போங்கள். ரஃபாயேல் லார்கோ ஹோய்லே 1926இல் வடக்கே தங்கள் குடும்பக் கரும்புத் தோட்டத்தில் தொடங்கியது. பிறகு லிமாவுக்கு வந்தது. மற்ற பல அருங்காட்சியகங்கள் மூடிக்கிடக்கும் திங்கட்கிழமையிலும் இது திறந்திருக்கும் என்பதால், பயணத் திட்டத்தில் திங்கட்கிழமையை இதற்கென்று ஒதுக்கிவிடலாம்.

முதன்மைக் கூடங்களுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் இந்த இடத்தின் உண்மையான சொத்து அதன் சேமிப்பு அறைகள். வழக்கமாக எந்த அருங்காட்சியகமும் கிடங்கைக் காட்டாது. இங்கே கண்ணாடி அலமாரிகளில் தரையிலிருந்து கூரை வரை பல்லாயிரம் பானைகளை வகைவாரியாக அடுக்கி, உள்ளே போய்ப் பார்க்க விட்டிருக்கிறார்கள். பறவை ஓர் அலமாரி, கடல் சிங்கம் ஓர் அலமாரி, சோளம், நோயாளிகள், கைதிகள் என்று நீண்டுகொண்டே போகும். குழுவாக வருபவர்கள் களைத்துப்போய் இதைத் தவிர்த்துவிட்டு நேரே தோட்டத்தின் மறுபக்கத்தில் இருக்கும் பாலுறவுப் பானைகளின் கூடத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் சேமிப்பு அறைக்கு முழுதாக ஒரு மணி நேரம் கொடுங்கள்.

அங்கே நின்று பார்க்க வேண்டியது பானையின் கழுத்து. மோச்சே குடுவைகள் பலவற்றில் வயிற்றிலிருந்து இரண்டு குழாய்கள் எழுந்து, மேலே வளைவாகச் சேர்ந்து, அந்தச் சேருமிடத்திலிருந்து ஒற்றை மூக்கு நிமிர்ந்து நிற்கும். குதிரைச் சேணத்தின் அங்கவடி போன்ற வடிவம் என்பதால் ஆய்வாளர்கள் அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். இந்த மூக்கின் வடிவத்தை வைத்து லார்கோ ஹோய்லே மோச்சே காலத்தை ஐந்து கட்டங்களாகப் பிரித்தார். மூக்கு குட்டையாக, வாய் விளிம்பு தடித்துத் துருத்திக்கொண்டிருந்தால் முதல் கட்டம். விளிம்பு மெலிந்திருந்தால் இரண்டாவது. மூக்கு மேலே போகப்போக வெளிப்புறமாக விரிந்தால் மூன்றாவது. உயரமாக, இருபக்கமும் நேராக இருந்தால் நான்காவது. மேலே போகப்போகக் கூம்பினால் ஐந்தாவது. பத்து நிமிடம் பழகினால் பலகையைப் பார்க்காமலே சொல்ல வரும். இந்த ஐந்து கட்டம் மோச்சே, சிக்காமா பள்ளத்தாக்குகளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. இன்னும் வடக்கே போனால் அவ்வளவாகப் பொருந்துவதில்லை என்பது பின்னால் வந்த அகழாய்வுகளில் தெரிந்தது. மோச்சே கல்லறைகள் கிடைத்த சிபான் பக்கம் போகும்போது இந்த அளவுகோலைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, குயவர் சக்கரம் இவர்களுக்குத் தெரியாது. முன்பாதி பின்பாதி என்று இரண்டு அச்சில் களிமண்ணை அழுத்தி எடுத்து ஒட்டினார்கள். மனித முகக் குடுவைகளின் காதுப் பக்கத்தைக் கவனியுங்கள். சரியாகத் தேய்த்துவிடாத ஒட்டுத் தையல் சிலவற்றில் தெரியும். அச்சு என்பதால்தான் ஒரே முகம் பல பானைகளில் வருகிறது. ஒரே மனிதனை இளைஞனாகவும் நடுவயதினனாகவும் காட்டும் குடுவைகள்கூட அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. இரட்டை வயிற்றுக் குடுவைகள் தென்பட்டால் அவற்றில் பல சீழ்க்கைக் குடுவைகள். உள்ளே தண்ணீர் ஊற்றிச் சாய்த்தால், ஒரு வயிற்றிலிருந்து மறுவயிற்றுக்குத் தண்ணீர் ஓடும்போது காற்றை நெருக்கித் தள்ளும். மேலே மறைத்து வைத்த ஊதல் சத்தமிடும். பறவை வடிவம் என்றால் ஊதல் பெரும்பாலும் தலைக்குள் இருக்கும்.

வடக்கே போவதற்கு முன் மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டியது பலிச் சடங்கு ஓவியம். வெளிர்நிறப் பானையில் மெல்லிய செம்பழுப்புக் கோடுகளால் வரைந்திருப்பார்கள். கீழ்வரிசையில் கட்டப்பட்ட கைதிகளின் கழுத்தை அறுத்து இரத்தம் பிடிக்கிறார்கள். மேல்வரிசையில், பிறை வைத்த தலையணியும் உடலிலிருந்து கிளம்பும் கதிர்களுமாக ஒருவன் கோப்பையை வாங்குகிறான். பக்கத்தில் பறவை உருவத்தில் ஒருவன். அடுத்து, இரட்டைக் குஞ்சம் தொங்கும் தலையணியோடு ஒரு பெண். இந்த மூவரையும் ஆய்வாளர் கிறிஸ்டோஃபர் டோனன் 1970களிலேயே பானைகளிலிருந்து பிரித்தெடுத்து எழுதிவிட்டார். அப்போது எல்லோரும் இதைப் புராணக் காட்சி என்றுதான் நினைத்தார்கள். 1987இல் சிபானில் ஒரு கல்லறை திறந்தது. உள்ளே கிடந்தவனின் உடுப்பும் அணிகளும் அந்தக் கதிர் மனிதனுடையவை. அதே இடத்தில் இன்னொரு கல்லறையில் பறவைப் பூசாரி. 1991இல் சான் ஹோசே தெ மோரோவில் அந்தத் தலையணியும் கோப்பையுமாக ஒரு பெண். பானையில் வரைந்தது நடந்த சடங்கு என்று மண்ணே சாட்சி சொன்னது இப்படித்தான். இதை லிமாவில் பார்த்துவிட்டு, சிபான் பொருட்கள் இருக்கும் லம்பாயேக்கே ஊருக்குப் போகிறவருக்கும், பார்க்காமல் போகிறவருக்கும் கிடைப்பது இரண்டு வேறு பயணம்.

லிமாவில் மற்றவை

லார்கோவிலிருந்து நடைபாதையில் போட்டிருக்கும் நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நடந்தால் தேசியத் தொல்லியல், மானுடவியல், வரலாற்று அருங்காட்சியகம். பழைய கட்டடம், எந்தெந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். இங்கே இருக்கும் ரைமோண்டிக் கல் சவீன் சிற்பக் கலையின் உச்சம். நேராகப் பார்த்தால் இரண்டு கையிலும் கோல் பிடித்த தெய்வம், தலைக்கு மேல் நீண்ட கிரீடம். அதையே தலைகீழாகப் பார்த்தால் கிரீடம் அடுக்கடுக்கான கோரப்பல் முகங்களாகிவிடும். கைப்பேசியில் படம் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதுதான் எளிய வழி.

மிராஃப்ளோரெஸ் நடுவில் இருக்கும் வாக்கா புக்ஜானா ஒரு மண்கல் கோவில் மேடு; செவ்வாய்க்கிழமை விடுமுறை, வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். அங்கே மண்கற்களைப் படுக்கப் போடாமல், அலமாரியில் புத்தகம் நிறுத்துவதைப் போல நிறுத்தி, இடையில் சந்து விட்டிருக்கிறார்கள். நிலநடுக்கத்தில் கற்கள் கொஞ்சம் ஆடிக்கொடுக்க இடம் கிடைக்கும். சுவர் மொத்தமாகப் பிளக்காது. லிமா பண்பாட்டினர் கட்டியது, கி.பி. 200 முதல் 700 வரை.

நகரத்துக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டர் தாண்டிப் பச்சகாமாக். குறி கேட்கும் கோவில். இன்காக்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பெயர் பெற்ற இடம். தள அருங்காட்சியகத்தில் உள்ள செதுக்கிய மரத்தூணைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். பிசாரோவின் ஆட்கள் 1533இல் அழித்துவிட்டதாகச் சொன்ன தெய்வம் இதுவாக இருக்கலாம் என்று நீண்ட நாள் சந்தேகம். 2020இல் வெளியான ஆய்வில் மரம் 8, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும், அதில் ஒரு காலத்தில் சிவப்பு முதலான நிறங்கள் பூசியிருந்தார்கள் என்றும் தெரிந்தது.

கிப்புவைப் படிப்பது எப்படி

முடிச்சுப் போட்ட கயிற்றுக் கொத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பார்கள், ‘இன்காக்களின் கணக்கு’ என்று தலையாட்டுவார்கள், நகர்ந்துவிடுவார்கள். அங்கேயே நின்று எண்ணைப் படித்துவிடலாம். லேலண்ட் லாக் என்ற அமெரிக்கர் நூறாண்டுக்கு முன்பே அடிப்படையைக் கண்டுபிடித்துவிட்டார்.

குறுக்கே ஓடுவது தாய்க்கயிறு. அதிலிருந்து தொங்கும் ஒவ்வொரு கிளைக்கயிறும் வழக்கமாக ஓர் எண். தாய்க்கயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் முடிச்சுக் கூட்டம் உயர்ந்த இடமதிப்பு. கீழே வரவரக் குறையும். ஆயிரம், நூறு, பத்து எல்லாவற்றிலும் சாதாரண ஒற்றை முடிச்சுகள். ஒன்றின் இடத்தில் மட்டும் வகை மாறும்: 2 முதல் 9 வரை கயிற்றை அத்தனை சுற்றுச் சுற்றி இறுக்கிய நீள முடிச்சு, 1 என்றால் எட்டு வடிவ முடிச்சு, ஏனென்றால் ஒரே சுற்றில் நீள முடிச்சு போட முடியாது. பூஜ்யத்துக்கு அந்த இடம் வெறுமையாக விடப்படும். ஆக, மேலே இரண்டு ஒற்றை முடிச்சு, நடுவில் நான்கு, கீழே மூன்று சுற்று நீள முடிச்சு இருந்தால் 243. மேலே இரண்டு, நடுவில் வெறும் கயிறு, கீழே எட்டு வடிவ முடிச்சு என்றால் 201. ஒன்றின் இடத்துக்குத் தனி முடிச்சு இருப்பதால் எண் எங்கே முடிகிறது என்பதில் குழப்பமே வராது.

தவறு எங்கே வரும் என்றால் வெற்றிடத்தில்தான். பக்கத்துக் கயிறுகளில் பத்தின் முடிச்சுகள் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று குறுக்கே ஒரு பார்வை பார்த்தால்தான் பூஜ்யம் கண்ணில் படும். கண்ணாடிப் பேழையில் கயிறுகளை விசிறி போல் விரித்து வைத்திருந்தால் மட்டம் பிறழும். அப்போது நீள முடிச்சைத் தேடிப் பிடித்து அங்கிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். எண் முறைக்குள் அடங்காத கிப்புகளும் இருக்கின்றன. அவற்றை இதுவரை யாரும் படிக்கவில்லை. லிமாவின் கிழக்கே புருச்சூக்கோவில் 1956இல் ஒரு சாடிக்குள் கிடைத்த 21 கிப்புகளில் ஏழு, ஒன்றின் கூட்டுத்தொகை இன்னொன்றில் ஏறுவதுபோலத் தொடர்புடையவை என்று 2005இல் காட்டினார்கள். கிராமக் கணக்கு மேலதிகாரிக்குப் போகும் ஏற்பாடுதான்.

பராக்காஸ் துணிகளைப் பற்றி ஒரு வரியாவது சொல்லியாக வேண்டும். 1927இல் தொல்லியலாளர் ஹூலியோ டேயோவின் குழு 429 பிணப் பொதிகளைத் தோண்டியெடுத்தது. மேலாடைகளின் பூத்தையல் இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் நிறம் மங்காமல் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் சாயம் போய்விடும் என்பதால் அந்த அறைகள் இருட்டாக இருக்கும். உள்ளே போனதும் இரண்டு நிமிடம் சும்மா நின்று கண் பழகிய பிறகு பாருங்கள். ஃபிளாஷ் எங்கேயும் கூடாது.

வடக்கே: திருஹியோ, லம்பாயேக்கே

லிமாவிலிருந்து திருஹியோ 560 கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், இரவுப் பேருந்தில் எட்டு ஒன்பது மணி நேரம். ஊருக்கு வெளியே வாக்கா தெல் சோல், வாக்கா தெ லா லூனா என்று எதிரெதிரே இரண்டு மோச்சே கோவில் மேடுகள். பெரியது சோல், தங்கம் தேடிய ஸ்பானியர் காலத்தில் மோச்சே ஆற்றையே அதன் மேல் திருப்பிவிட்டுக் கரைத்ததில் பெரும்பகுதி போய்விட்டது. அதற்குள் அனுமதி இல்லை. பார்க்க வேண்டியது லூனா. ஒவ்வொரு சில தலைமுறைக்கும் பழைய கோவிலின் முற்றங்களை மண்கல்லால் அடைத்து, அதன் மேலேயே பெரிதாக அடுத்த கோவிலைக் கட்டியிருக்கிறார்கள். அடைத்ததால்தான் உள்ளே இருந்த வண்ணச் சுவர்கள் பிழைத்தன. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று கண்ணை விரித்துப் பார்க்கும் தெய்வ முகம் சுவர் முழுக்க வரும். சுவர் வெட்டுமுகத்தில் கற்களின் மேல் விரல் குழி, கோடு, வட்டம் என்று அடையாளங்கள் தெரியும். எந்தக் கூட்டத்தார் எவ்வளவு கல் கொடுத்தார்கள் என்ற கணக்காக இருக்கலாம். இங்கே ஒரு முற்றத்தில் 1995 முதல் கிடைத்த பலியிடப்பட்ட ஆண்களின் எலும்புகள், மழையில் குழைந்த சேற்றில் புதைந்திருந்தன. மழையே பெய்யாத ஊரில் சேறு என்றால், கடல் சூடேறிப் பெருமழை கொட்டும் எல் நீனோ ஆண்டு. பானையில் பார்த்த பலிக்கு இப்போது காரணமும் ஓரளவு புரியும்.

சான் சான், சிமூக்களின் தலைநகர். 1986இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோதே ஆபத்திலுள்ளவை பட்டியலிலும் சேர்ந்தது. திறந்திருக்கும் அரண்மனை நிக் ஆன். பேருந்து பெருஞ்சாலையில் இறக்கிவிடும். அங்கிருந்து உள்ளே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், நிழலே கிடையாது, தனியாக நடப்பது பாதுகாப்பும் இல்லை. டாக்சி வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் மீன், பெலிக்கன், வலை, அலை எல்லாம் அழகுதான். ஆனால் கையெட்டும் உயரத்தில் பார்ப்பதில் நிறைய மறுபடி பூசிய வேலை. மீன்கள் இரண்டு திசையில் நீந்துவது குளிர்ந்த நீரோட்டத்தையும் எல் நீனோவையும் குறிக்கிறது என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், கல்லில் எழுதிய உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல் புரூஹோ என்ற மோச்சே தளம் இன்னும் அறுபது கிலோமீட்டர் வடக்கே. பாம்பும் சிலந்தியும் பச்சை குத்திய ‘சென்யோரா தெ காவ்’ என்ற பெண்ணின் உடல் அங்கேதான் கிடைத்தது. ஏறக்குறைய கி.பி. 400, மோச்சே நாட்டில் ஆட்சி ஆண்களுடையது மட்டுமே என்று அதுவரை நினைத்திருந்ததை மாற்றிய கண்டுபிடிப்பு. பொதுப் பேருந்தில் மாறி மாறிப் போய், கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு மோட்டோடாக்சி, அதாவது நம்ம ஆட்டோ, பிடிக்க வேண்டும். அங்கே திரும்ப வண்டி கிடைக்காது. வந்தவரையே காத்திருக்கச் சொல்லி முதலிலேயே கூலி பேசிவிடுங்கள்.

அடுத்து சிக்லாயோ, மூன்றரை மணி நேரம். இங்கேதான் அதிகம் பேர் இடறுகிறார்கள். சிபான் என்று கேட்டு சிபான் கிராமத்துக்கே போய்விடுவார்கள். கல்லறை தோண்டிய மேடும் ஒரு தள அருங்காட்சியகமும் அங்கே இருக்கின்றன, ஆனால் முதன்மைக் கல்லறையின் அசல் பொருட்கள் லம்பாயேக்கே ஊரில், ‘தும்பாஸ் ரெயாலெஸ்’ அருங்காட்சியகத்தில். சிக்லாயோவிலிருந்து 12 கிலோமீட்டர், பகிர்வு வண்டிகள் நிறைய. திங்கள் விடுமுறை. கைப்பேசி, கேமரா எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. குறிப்புக்கு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டடமே செந்நிறப் பிரமிடு வடிவம். சாய்தளம் வழியாக மேல்தளத்தில் நுழைந்து கீழே இறங்க வேண்டும். சிபானை அகழ்ந்த தொல்லியலாளர் வால்டர் ஆல்வாவின் குழு மேலிருந்து தோண்டிய அதே வரிசை. முதலில் பாதம் வெட்டப்பட்ட காவலன், பிறகு மரக்கட்டைக் கூரை, செப்புப் பட்டையால் கட்டிய சவப்பெட்டி, அதற்குள் பானையில் பார்த்த அந்தக் கதிர் மனிதன். ஓட்டமாக இறங்கிவிட்டால் இந்த வரிசை வீணாகிவிடும். நிலக்கடலைக் கழுத்தணியைத் தேடுங்கள்: வலப்பக்கம் பத்துத் தங்கக் கடலை, இடப்பக்கம் பத்து வெள்ளிக் கடலை. மற்ற அணிகளிலும் வலம் தங்கம், இடம் வெள்ளி என்ற ஒழுங்கு திரும்பத் திரும்ப வரும். கடலை ஓட்டின் வலைப்பின்னல்கூட உலோகத்தில் அப்படியே இருக்கிறது.

பச்சை படிந்த ‘தங்க’ப் பொருட்களையும் கவனியுங்கள். அவை செம்பில் தங்க மேனி ஏற்றியவை. செம்பும் தங்கமும் வெள்ளியும் கலந்த தகட்டைத் தட்டித் தட்டிக் காய்ச்சினால் மேற்பரப்புச் செம்பு கருகும். அந்தக் கருகலைக் கரைத்து எடுத்துக்கொண்டே போனால் மேலே தங்கம் செறிந்த ஏடு மட்டும் மிஞ்சும். நூற்றாண்டுகள் ஈரமண்ணில் கிடந்தபோது உள்ளிருந்த செம்பு களிம்பேறி வெளியே வந்துவிட்டது. பளபளப்பை விட அந்தக் களிம்பில்தான் கொல்லனின் வேலை தெரியும் என்பேன்.

ஒரு நாள் மிச்சமிருந்தால் ஃபெரெனியாஃபேயில் சிக்கான் அருங்காட்சியகம். வாக்கா லோரோ கல்லறையில் தலைகீழாக வைத்துப் புதைத்த தலைவனை, கிடைத்த நிலையிலேயே அமைத்துக் காட்டியிருக்கிறார்கள். கூட்டம் இருக்காது.

நாள், விசா, உயரம்

லிமாவுக்கு மூன்று, திருஹியோவுக்கு இரண்டு, சிக்லாயோவுக்கு இரண்டு, பயணத்துக்கு ஒன்று என்று எட்டு நாள் வைத்தால் மூச்சு விட்டுப் பார்க்கலாம். மாதத்தின் முதல் ஞாயிறு உள்ளூர் மக்களுக்கு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம்; நமக்கு இலவசம் இல்லை, கூட்டம் மட்டும் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களிடம் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா அல்லது ஷெங்கன் விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால் பெரு சுற்றுலா விசா தேவையில்லை. விதி மாறக்கூடியது என்பதால் தூதரகப் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையிலிருந்து நேரே 3,400 மீட்டர் குஸ்கோவுக்குத் தாவினால் தலைவலி நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். நடுவில் 2,300 மீட்டர் அரெக்கிப்பாவில் இரண்டு இரவு தங்குங்கள். அம்பாத்தோ மலையுச்சியில் 1995இல் கிடைத்த ஹுவானிட்டா என்ற பலிச்சிறுமியின் உறைந்த உடல் அங்கே இருக்கிறது. ஆண்டின் முதல் சில மாதங்கள் அவளை ஓய்வுக்கு எடுத்துவிட்டு வேறோர் உடலை வைப்பார்கள். அவளுக்காகவே போவதானால் மே மாதத்துக்குப் பிறகு போங்கள். குஸ்கோவில் முதல் நாளை மேடேறாமல் காசா கோஞ்சா அருங்காட்சியகத்தில் கழியுங்கள். மச்சு பிச்சுவிலிருந்து யேல் பல்கலைக்கழகம் கொண்டுபோய், நூறாண்டு கழித்து 2011, 2012இல் திருப்பித் தந்தவை அங்கே. குஸ்கோவின் பத்து நாள் ஒற்றைச் சீட்டில் இதுவும் கோரிகாஞ்சா கோவிலும் அடங்காது, தனிச்சீட்டு வேண்டும்.

திருஹியோ, லம்பாயேக்கே பக்கம் யாராவது பையைத் திறந்து ‘அசல், தாத்தா தோண்டியது’ என்று பானை காட்டினால் கையில்கூட வாங்காதீர்கள். அசல் என்றால் அதை நாட்டை விட்டு எடுத்துப் போவது குற்றம். போலி என்றால் காசு போச்சு. நகல் வேண்டுமென்றால் அருங்காட்சியகக் கடையில் வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நல்ல நகல் விமான நிலையச் சோதனையில் சந்தேகத்தைக் கிளப்பும். லிமா விமான நிலையத்திலேயே பண்பாட்டு அமைச்சகத்தின் சரிபார்ப்பு மேசை இருக்கிறது. பானையைப் பெட்டிக்குள் பூட்டிப் போட்டுவிட்டால் அங்கே காட்ட முடியாது. கைப்பையில் வையுங்கள், அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள்.